மேட்டுக்கொல்லைக்கு ஒரு முட்டுக்கிடா

சாலவாக்கம்
10 டிசம்பர் 2024

ஷாஹீதா,

இந்தக் கடிதத்தைப் பார்த்ததும் சமாதானத்துக்கு வந்துவிட்டேன் என்று துள்ளாதே. உன் நம்பரை பிளாக் செய்தது செய்ததுதான். எனக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கிறது. அதைக் கேட்க இந்தத் தாலுகாவில் உன்னை விட்டால் ஆள் இல்லை, என் தலையெழுத்து. பன்னிரண்டாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பிசிக்ஸ் வாத்தியாரைக் கேள்வி கேட்டே ஓட வைத்த பாவம்தான் இப்படி விடாமல் துரத்துகிறது போலிருக்கிறது.

போன மாசியில் நடந்ததை நான் மறக்கவில்லை. லாரி டேங்கிலிருந்து டீசல் உறிஞ்சுகிற மாதிரி ஏரித் தண்ணீரை ஒரு தடவை வாயால் இழுத்துவிட்டால், கரையைத் தாண்டி என் மேட்டுக்கொல்லைக்குத் தானாக வந்து விழும் என்று நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் முடிவு செய்தோம். கொல்லை ஏரியைவிட மேடு என்பது இரண்டு புத்திசாலிகளுக்கும் தோன்றவில்லை. அது போகட்டும். நான் கன்னம் ஒட்டிப்போகக் குழாயை உறிஞ்சிக்கொண்டிருந்ததை வீடியோ எடுத்து, 'எங்க ஆதி தண்ணிய மேல ஏத்தப்போறா' என்று ஸ்டேட்டஸ் போட்டாயே, அதுதான் ஆறவில்லை. இன்றைக்கும் ரேஷன் கடையில் எனக்குப் பெயர் 'உறிஞ்சு ஆதி'. ஆதிலட்சுமி என்று பெயர் வைத்த என் அப்பா கேட்டால் அழுவார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போனில் ஒரு வீடியோ பார்த்தேன். ஏதோ மலைநாடு, பேச்சு புரியவில்லை. ஓடைக்கரையில் குழாய்த் துண்டுகளைக் கோத்து ஒரு சாமான் வைத்திருக்கிறார்கள். அதற்கு ஒயர் இல்லை, இஞ்சின் இல்லை. 'டக், டக்' என்று தானாக அடித்துக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் தண்ணீர் மேட்டில் இருக்கிற வீட்டுக்குப் போகிறது. இது நடக்குமா, இல்லை நம்ம உறிஞ்சுக் குழாய் மாதிரிதானா? எங்கள் கொல்லைக்குக் கீழே கால்வாய் ஓர் ஆள் உயரத்துக்குக் குறைவாகத் தண்ணீரைக் கொட்டுகிற இடம் இருக்கிறதல்லவா, பெண்கள் துணி துவைக்கிற இடம்? ஏரி நிரம்பி மதகில் கசிவதால் அங்கே ராப்பகலாகக் கொட்டிக்கொண்டிருக்கிறது. அங்கிருந்து கொல்லை அரைப் பனை உயரம்.

அவசரம் ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன். மேட்டுக்கொல்லையைப் பிளாட் போடக் கொடுத்துவிடலாம் என்று என் மூத்தார் சின்னராசு முடிவு செய்துவிட்டார். கரண்டுக்கு எழுதிப்போட்டு வருடக்கணக்காகிறது, டீசல் ஊற்றிக் கட்டுப்படியாகாது, மேட்டுக்குத் தண்ணீர் வராத நிலம் எதற்கு என்கிறார். என் வீட்டுக்காரர் வசந்த்குமார் ஒரகடத்தில் ஷிப்டு பார்த்துவிட்டு வந்து, "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சாப்பிட்டுப் படுத்துவிடுகிறார். நான் அங்கே கத்திரியும் கனகாம்பரமும் நாற்று விட்டிருக்கிறேன். குடத்தில் தூக்கிப்போய் ஊற்றுகிறேன். சண்டை போட்டு ஒரு வார்த்தை வாங்கியிருக்கிறேன்: கரண்டும் டீசலும் இல்லாமல் போகிக்குள் தண்ணீர் மேலே வந்தால் கொல்லை எனக்கு. வராவிட்டால் தை பிறந்ததும் கல் நட்டுவிடுவார்கள்.

பதிலை டவுன் பஸ் கண்டக்டர் விஜய் அண்ணனிடம் கொடுத்துவிடு. சோத்து டப்பாவையே சேதாரமில்லாமல் கொண்டுவருகிறவர், கடிதத்தை விட்டுவிட மாட்டார்.

ஆதிலட்சுமி

*

உத்திரமேரூர்
12 டிசம்பர் 2024

அன்புள்ள ஆதி,

அன்புள்ள என்று போட்டதற்குக் கோபித்துக்கொள்ளாதே, கை பழக்கம். பத்து மாதம் கழித்து உன் கையெழுத்தைப் பார்த்ததும் கல்லாவை அப்படியே விட்டுவிட்டு உள்ளே ஓடினேன். என் தம்பி ஷகீல், "இன்னாக்கா, கோர்ட்டு நோட்டீஸா?" என்று பின்னாலேயே வந்தான்.

உனக்கு மட்டும்தான் மானம் போனதா? 'எல்லாம் பைப்புக் கடைக்காரர் பொண்ணு சொன்ன ஐடியா' என்று நீ ஊரெல்லாம் கைகாட்டிவிட்டாய். எங்கள் அத்தா அஹமது பாட்சாவை பஜாரில் நிறுத்தி, "பாய், உங்க கடைக் குழாயில தண்ணி தானா மேல ஏறுமாமே, நமக்கு ரெண்டு அடி குடுங்க" என்று கேட்காத ஆள் இல்லை. அவர் ஒரு வாரம் என்னைக் கடைப் பக்கமே வரவேண்டாம் என்றார். அதையும் கணக்கில் வைத்துக்கொள்.

இப்போது உன் சாமான். முதலில், இதுவும் ஏமாற்று என்றுதான் நினைத்தேன். சும்மா யார் தண்ணீரை மேலே தூக்குவார்கள்? பிறகு கடையை மூடிவிட்டு, உலகமெல்லாம் இருக்கிறவர்கள் சந்தேகம் கேட்கிற ஒரு இணையதளத்தில், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டுப் போட்டேன். ஒருவர், 'பேசாமல் ஒரு மோட்டார் வாங்குங்கள்' என்றார். ஒருவர் நான் எந்தக் காலேஜ் என்று கேட்டார். மூன்றாவது ஆள்தான் அதன் பெயரைச் சொன்னார். ஆதி, அதற்கு இங்கிலீஷில் கிடா என்று பெயர்! முட்டுக்கிடா! இருநூறு வருடத்துக்கு மேல் பழையதாம்! நமக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

எனக்குப் புரிந்தது இதுதான். தண்ணீர் குழாய்க்குள் வேகமாக இறங்கி, அடியில் திறந்திருக்கிற ஒரு வால்வு வழியாக வெளியே ஓடுகிறது. வேகம் கூடக்கூட அந்த ஓட்டமே வால்வைத் தூக்கிச் சாத்திவிடுகிறது. ஓடிவந்த தண்ணீர் எங்கே போகும்? முட்டும். அந்த முட்டில் இரண்டாவது வால்வு திறந்து, கொஞ்சம் தண்ணீர் காற்று அடைத்த ஒரு மொந்தைக்குள் ஏறி, அங்கிருந்து சின்னக் குழாயில் மேலே போகிறது. முட்டு அடங்கியதும் முதல் வால்வு தன் எடையில் விழுந்து திறக்கும். மறுபடியும் ஓட்டம், மறுபடியும் முட்டு. பத்துப் பன்னிரண்டு குடம் கீழே விழுந்து ஒரு குடத்தை மேலே அனுப்புகிறது. கூலி கொடுத்துத்தான் ஏற்றுகிறது, அதனால்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. போன தடவை நாம் கூலியே கொடுக்காமல் ஏற்றப் பார்த்தோம்.

விஜய் அண்ணனிடம் ஒரு கோணிப்பை கொடுத்திருக்கிறேன். இரண்டு பித்தளை வால்வு, மூன்று வாய் டீ இணைப்பு, எல்போ, மொந்தைக்கு நாலு இன்ச் குழாயும் மூடியும். எப்படிக் கோப்பது என்று படம் போட்டு உள்ளே வைத்திருக்கிறேன். மேலே போகிற சின்னக் குழாய் ஒரு சுருளும் வரும். கால்வாயிலிருந்து இறக்குகிற பெரிய குழாய் மட்டும் கடையில் ஸ்டாக் இல்லை. உன்னிடம் போன தடவை உறிஞ்சின அந்தப் பச்சை ஹோஸ் குழாய் இருக்குமே, அதையே வை.

ஷாஹீதா

*

சாலவாக்கம்
17 டிசம்பர் 2024

ஷாஹீதா,

பை வந்தது. பஸ்ஸில் அதன்மேல் யாரோ உட்கார்ந்துகொண்டு வந்திருக்கிறார்கள். பித்தளை என்பதால் தப்பித்தது.

நீ போட்ட படம்போலவே கோத்தேன். துணி துவைக்கிற இடத்தில் ஒரு கல்லை நகர்த்தி உட்கார வைத்தேன். பெரிய குழாயாக நம்ம பச்சைக் குழாயைத்தான் மாட்டினேன், மானத்தை வாங்கியது இதையாவது செய்யட்டும் என்று. திறந்துவிட்டேன். வால்வு 'டப்' என்று சாத்திக்கொண்டது. அவ்வளவுதான். அதன் பிறகு அது எழவே இல்லை. விரலால் அழுத்தித் திறந்தால் மறுபடி ஒரு 'டப்', அதோடு சரி. நான் அழுத்திக்கொண்டே இருந்தால் ஓடும், விட்டால் நிற்கும். அப்படி அழுத்துவதற்கு நான் குடத்திலேயே தூக்கிக்கொண்டு போய்விடுவேனே!

பக்கத்துக் கல்லில் துவைத்துக்கொண்டிருந்த சுலோச்சனா, "இன்னாடி ஆதி, இந்த தபா வாயால உறிஞ்சலையா?" என்றாள். மூத்தார் வரப்பில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். "கரண்டு இல்ல, டீசலு இல்ல, தண்ணி மட்டும் மேல ஏறிடுமா? ஏம்மா, ஊரே சிரிச்சுகினு கீது. உடம்பையும் கெடுத்துக்கினு இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு?" என்று கேட்டுவிட்டுப் போனார். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். பரிதாபப்பட்டுவிட்டார்.

எனக்குப் பதில் வேண்டும். வால்வு கனம் போதவில்லையா? அதிகமா? படுக்க வைத்திருப்பது தப்பா? மொந்தையை நிமிர்த்தி வைத்தது சரிதானே? கால்வாய் விழுகிற உயரம் போதவில்லையா? போதவில்லை என்றால் அதை முதலிலேயே சொல்லியிருக்க மாட்டாயா?

ஆதிலட்சுமி

*

உத்திரமேரூர்
20 டிசம்பர் 2024

அன்புள்ள ஆதி,

உன் கேள்விகளை வரிசையாக எடுத்து அந்த இணையதளத்தில் போட்டேன். வால்வு கனத்தைக் கூட்டு என்று ஒருவர், குறை என்று ஒருவர். பிறகு அவர்கள் இரண்டு பேரும் என்னை விட்டுவிட்டுத் தங்களுக்குள் சண்டை போட ஆரம்பித்துவிட்டார்கள். நம்மைப் போலத்தான்.

நான் சும்மா இருப்பேனா? கடையிலிருந்து இன்னும் இரண்டு வால்வை எடுத்து, மாடித் தொட்டியிலிருந்து இறங்குகிற லைனில், புழக்கடையில் அதேமாதிரி ஒன்று கோத்தேன். ஆதி, அது ஓடியது! அரை நாள் ஓடியது! 'டக், டக், டக்' என்று, யாரும் தொடாமல்! அம்மா நாஷ்டா தட்டோடு வந்து நின்றவள் அப்படியே நின்றுவிட்டாள். வால்வும் அதே, மொந்தையும் அதே. இங்கே முட்டுகிறது, அங்கே ஏன் முட்டவில்லை என்று எனக்குப் புரியவில்லை. வால்வில் ஒரு போல்ட்டைக் கட்டிப் பார். இரண்டு கட்டிப் பார்.

இதற்கு நடுவில் அத்தாவுக்கு வேறு தலைவலி. பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்கிற இடத்துக்குப் புதிதாக, பட்டென்று திருப்புகிற குழாய்கள் போட்டோம். யாராவது குழாயைச் சாத்தினால் சுவருக்குள் 'டங்' என்று ஒரு சத்தம். கமிட்டிக்காரர் வந்து, "பாட்சா பாய், தொழுவுற நேரத்துல செவத்துக்குள்ள யாரோ சுத்தியால அடிக்கற மாதிரி கீது. பெரியவரு ஒருத்தரு பயந்தே பூட்டாரு. இன்னான்னு பாருங்க" என்றார். அத்தா மூன்று நாள் முட்டிமோதினார். கடைசியில் நான்தான், நடுவில் ஒரு முழம் இரும்புக் குழாயை எடுத்துவிட்டு ரப்பர் ஹோஸ் போட்டுப் பார்க்கலாம் என்றேன். சத்தம் அன்றோடு ஒழிந்தது. பழைய இரும்பு லைனே வேண்டாம் என்று கமிட்டிக்காரர்கள் முழுவதையும் கழற்றிவிட்டுப் புதிதாகப் போடச் சொல்லிவிட்டார்கள். பஜாரில் இப்போது என் மானம் கொஞ்சம் திரும்பி வந்திருக்கிறது. உன்னுடையதையும் திரும்பக் கொண்டுவருகிறேன், பொறு.

ஷாஹீதா

*

சாலவாக்கம்
24 டிசம்பர் 2024

ஷாஹீதா,

உன் புழக்கடையில் ஓடுகிறதா? ரொம்ப சந்தோஷம். உன் புழக்கடையில் யாரும் கல் நட வரவில்லை.

ஒரு போல்ட் கட்டினேன், இரண்டு கட்டினேன், மூன்று கட்டினேன். மூன்றுக்கு வால்வு சாத்தவே இல்லை, தண்ணீர் சும்மா வழிந்தது. இரண்டுக்கு ஒரு 'டப்'. நேற்று முழுவதும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கோபத்தில் பச்சைக் குழாயை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். வால்வு சாத்துகிறபோதெல்லாம் குழாய் என் கைக்குள் ஒரு புடைப்புப் புடைத்து, மெல்ல அடங்குகிறது. அதற்குக்கூட என்மேல் பரிதாபம் என்று நினைத்துக்கொண்டேன்.

கொல்லை வழியில் இன்று டிராக்டரில் எல்லைக்கல் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். தலையில் மஞ்சள் பெயின்ட் அடித்த கல். நாற்றங்காலுக்குப் பக்கத்திலேயே அடுக்கியிருக்கிறார்கள். என் வீட்டுக்காரரிடம், "நீயாவது ஒரு வார்த்தை கேளேன்யா" என்றேன். "கேட்டுட்டேன் ஆதி, அண்ணன் போகி வரைக்கும் தொடமாட்டேன்னு சொல்லிகீறாரு. அதுவே பெருசு" என்றார். அழுகை வந்துவிட்டது. அவர் எதிரில் அழவில்லை, கால்வாய்க்கு வந்து அழுதேன். சுலோச்சனா பார்த்துவிட்டாள், துணி பிழிகிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இனிமேல் போல்ட் கட்டு, நட்டு கட்டு என்று எழுதாதே. தெரியாது என்றால் தெரியாது என்று எழுது. உன்னோடு சேர்ந்தாலே எனக்கு ஊர் சிரிப்புதான். கண்டக்டர் அண்ணனையும் இனி அலைய வைக்காதே.

ஆதிலட்சுமி

*

உத்திரமேரூர்
26 டிசம்பர் 2024

ஆதி! ஆதி! ஆதி!

திட்டு, எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, ஆனால் இதைப் படித்துவிட்டுத் திட்டு. உன் கடிதத்தைப் படித்து எனக்கும் அழுகை வந்தது. மூக்கைச் சிந்திக்கொண்டே இரண்டாம் தடவை படித்தேன். 'என் கைக்குள் ஒரு புடைப்புப் புடைத்து.' அந்த வரியில் நின்றுவிட்டேன். யா அல்லா, நான் எவ்வளவு பெரிய மக்கு!

பள்ளிவாசலில் என்ன நடந்தது? ஓடிவந்த தண்ணீர், குழாயைப் பட்டென்று சாத்தியதும் முட்டியது. 'டங்' என்றது. அந்தச் சத்தத்தை நான் எப்படி நிறுத்தினேன்? ரப்பர் ஹோஸ் போட்டு! ஹோஸ் புடைத்து அந்த முட்டலை வாங்கிக்கொண்டது. ஊரே பாராட்டியது. உன் கால்வாயில் என்ன நடந்தது? அதேதான்! தண்ணீர் முட்டுகிறது, உன் பச்சைக் குழாய் புடைத்து அதை வாங்கித் தின்றுவிடுகிறது. கிடா முட்ட வருகிறபோது எதிரில் தலையணையைப் பிடித்த மாதிரி. பள்ளிவாசலில் கிடாவை அடக்கிய அதே கையால் உன் கிடாவையும் அடக்கிவிட்டேன். பச்சைக் குழாயையே வை என்று எழுதினவளும் நான்தானே! என் புழக்கடையில் ஏன் ஓடியது? எங்கள் மாடி லைன் தாத்தா காலத்து இரும்பு. அது புடைக்காது.

அத்தாவிடம் போய் மூச்சு விடாமல் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "அப்போ பள்ளிவாசல்ல கழட்டின இரும்புப் பைப்பு நம்ம ஷெட்டுல சும்மாத்தானே கீது? கமிட்டிக்காரங்க கிட்ட நான் பேசிக்கிறேன். அங்க தொந்தரவு பண்ணது, அந்தப் பொண்ணுக்கு வேலை செய்யட்டும்" என்றார். உறிஞ்சுக் குழாயால் மானம் போன அதே அத்தா!

முப்பதடி. ஒன்றரை இன்ச். ஷகீல் நாளை மினி வேனில் கொண்டுவருவான். துண்டுகளாக வரும், திருகுகிற மரை நன்றாக இருக்கிறது, சணல் சுற்றி இறுக்கு. வளைக்காதே, நேராக இறக்கு. அசையாமல் இரண்டு பக்கமும் கல் முட்டுக் கொடு, ஆட்டம் இருந்தால் அதுவும் முட்டுகிற வேகத்தைத் தின்னும்.

கல்லாவில் நின்றுகொண்டே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உன்
ஷாஹீதா

*

சாலவாக்கம்
4 ஜனவரி 2025

அடியே ஷாஹீதா,

முட்டுதுடி! முட்டுது!

எழுத உட்கார எனக்கு நேரமே இல்லை. ஷகீலும் நானும் குழாயை இறக்கினோம். இறுக்கினோம். கல் வைத்தோம். திறந்துவிட்டு வால்வை விரலால் இரண்டு தடவை அழுத்தினேன். மூன்றாவது தடவை என் விரலை அது தள்ளிவிட்டது! 'டக்' என்று தானாக எழுந்தது, தானாக விழுந்தது, மறுபடி எழுந்தது. நான் கையை எடுத்துவிட்டேன். அது நிற்கவில்லை. ஷகீல், "அக்கா, உயிரோட கீதுக்கா இது!" என்று கத்தினான். சுலோச்சனாவின் துவைகல் வரைக்கும் அதிருகிறது. அவள் பாதித் துணியோடு எழுந்து ஓடியவள், அரை மணியில் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். சிரிக்கத்தான் வந்தார்கள். ஒருத்தியும் சிரிக்கவில்லை.

அவ்வளவும் நல்லபடியாக நடந்தால் அது நம் வேலை ஆகுமா? மூன்றாம் நாள் சத்தம் மாறியது. 'டக்' என்றது 'டணார்' என்று ஆகி, மொந்தையே குதித்தது, ஒரு டீ இணைப்பு விரிசல் விட்டுவிட்டது. கழற்றிப் பார்த்தால் மொந்தைக்குள் முழுக்கத் தண்ணீர். காற்றைக் காணோம். உன் படத்தில் நீதான் எழுதியிருந்தாயே, உள்ளே காற்று இருந்தால்தான் அது அமுங்கித் தண்ணீரை மேலே தள்ளும் என்று. காற்று எங்கே போனது? தண்ணீரோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போயிருக்கிறது. உனக்கு எழுதிப் பதில் வருகிற வரைக்கும் காத்திருக்க முடியாது. யோசித்தேன். காற்று ஓடாமல் இருக்க வேண்டுமானால் அதைக் கட்டிப்போட வேண்டும். என் வீட்டுக்காரர் சைக்கிள் டியூபை எடுத்து, காற்றடித்து, மடக்கி மொந்தைக்குள் திணித்து மூடிவிட்டேன். ஷாஹீதா, இது நீ சொல்லித் தந்ததில்லை, எழுதி வைத்துக்கொள்! உடைந்த டீக்குப் பதில் இங்கே எங்கள் ஊர் பஜாரிலேயே வேறு வாங்கிவிட்டேன், உங்கள் கடைக்கு வரவில்லை. அத்தாவுக்கு நானே வந்து நன்றி சொல்லவேண்டும், அதை வேறு நாள் வைத்துக்கொள்கிறேன்.

கீழ்க்கழனிக்காரர்கள் இரண்டு பேர், தண்ணீரைத் திருடுகிறேன் என்று மூத்தாரிடம் சொல்லியிருக்கிறார்கள். அவரே வந்து, கால்வாயில் இறங்கி நின்று பார்த்தார். வால்விலிருந்து கொட்டுகிற தண்ணீர் அதே கால்வாயில்தான் விழுந்து அவர்கள் கழனிக்கே போகிறது, மேலே போவது ஒரு பங்குதான் என்று காட்டினேன். மதகில் வீணாகக் கசிகிறதில் ஒரு பங்கு. போகும்போது, "சத்தம் வருது. தண்ணி வர்லையே?" என்றார். மேலே போகிற குழாய் பாதிதான் போட்டிருக்கிறேன். பாறை வழியில் மீதியைக் கட்டவேண்டும். அரைப் பனை உயரத்துக்கு இது தள்ளுமா தள்ளாதா என்பது போகி அன்று காலையில்தான் தெரியும். முதல் நாற்று இப்போதே வாடத் தொடங்கிவிட்டது.

நீ வராதே. நீ வந்தால் உன் கை தானாகப் போனுக்குப் போகும். இன்னொரு வீடியோவை என்னால் தாங்க முடியாது.

ஆதி

*

உத்திரமேரூர்
7 ஜனவரி 2025

ஆதி,

சைக்கிள் டியூப்! எனக்குப் பொறாமையாக இருக்கிறது. அந்த இணையதளத்தில் எழுதிப் போட்டேன். சண்டை போட்டுக்கொண்டிருந்த இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சபாஷ் சொன்னார்கள்.

வராதே என்றாய். வரமாட்டேன். உள்ளே குத்துகிறது, இருந்தாலும் வரமாட்டேன். முப்பதடி இரும்பை அனுப்பினவள், அது முட்டுகிறதைப் பார்க்கக் கூடாதாம்! சரி. ஒன்று மட்டும் கேள். பெரிய குழாயின் மேல் வாய்க்குக் கொசுவலையை இரண்டு மடிப்பாகக் கட்டு. போகிக்குப் பெண்கள் பழைய துணியெல்லாம் அங்கே வந்து அலசுவார்கள். ஒரு நூல் வால்வில் சிக்கினால் போதும், கிடா படுத்துவிடும். இன்னொன்று: தண்ணீர் மேலே வரத் தாமதமாகும். சின்னக் குழாய் முழுவதும் நிரம்பவேண்டும். அதற்குள் பயந்து நிறுத்திவிடாதே. யார் என்ன சொன்னாலும் நிறுத்தாதே.

என்ன ஆனாலும் சொல்லி அனுப்பு. ஏறவில்லை என்றாலும்.

ஷாஹீதா

*

சாலவாக்கம்
11 ஜனவரி 2025

ஷாஹீதா,

வலை கட்டிவிட்டேன். குழாய் கடைசிக் கட்டு மட்டும் பாக்கி.

பயமாக இருக்கிறது. போன தடவை ஊர் சிரித்தது, அதோடு முடிந்தது. இந்தத் தடவை நிலம் போகும். மேல் முனையில் தானே நின்று பார்க்கப்போவதாக மூத்தார் சொல்லிவிட்டார். நான் கீழே கிடாவோடு இருப்பேன். மேலே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது, அவர் கூப்பிட்டுச் சொன்னால்தான் தெரியும்.

தண்ணீர் ஏறாவிட்டால் எழுத எனக்குத் தெம்பு இருக்காது. ஏறினால் எழுதப் பொறுமை இருக்காது. எப்படியாவது தெரியப்படுத்துகிறேன். கடையில் இரு.

ஆதி

*

உத்திரமேரூர்
13 ஜனவரி 2025, போகி

என் ஆதி,

காலையிலிருந்து நான் கல்லாவை விட்டு நகரவில்லை. மேளம், பழைய துணி எரிகிற புகை, கடையில் வாளி வாங்க வந்த கூட்டம். போனை அளவுகோலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிளாக் செய்தவளிடமிருந்து போன் எப்படி வரும் என்று ஷகீல் கேலி செய்தான்.

வந்தது. உன் பெயர். பதினோரு மாதத்துக்குப் பிறகு என் போனில் உன் பெயர்.

எடுத்தேன். ஹலோ என்றேன். நீ பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. பிறகு போனை எங்கேயோ கீழே கொண்டுபோய் வைத்தாய்.

டக். டக். டக். டக்.

ஸ்பீக்கரில் போட்டேன். அத்தா கையைத் தூக்கினார், கடையே அடங்கிவிட்டது. வாளிக்காரர்கள் எல்லாம் கல்லாவைச் சுற்றி வந்து நின்றுவிட்டார்கள். எதற்கென்று அவர்களுக்குத் தெரியாது. எவ்வளவு நேரம் கேட்டோம் என்று எனக்குத் தெரியவில்லை. அந்தச் சத்தம் ஒரு தடவைகூடத் தப்பவில்லை. ஆனால் சத்தம் மட்டும்தான் வந்தது. தண்ணீர் வந்ததா என்று நீ சொல்லவே இல்லை. அத்தா உதடு அசைய ஏதோ ஓதிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் தூரத்திலிருந்து, உயரத்திலிருந்து, உன் மூத்தாரின் குரல் கேட்டது. முதலில் புரியவில்லை. பிறகு எல்லோருக்கும் கேட்டது.

"வர்துமா! ஏய் ஆதி, வர்து! கால்மேல கொட்டுது! நிறுத்தாத! யார் சொன்னாலும் நிறுத்தாத! டேய் வசந்து, அந்த மஞ்சக் கல்லையெல்லாம் எடுத்து வாய்க்காலுக்குப் போடு, தண்ணி வழிஞ்சு ஓடுது!"

ஆதி, கடையில் யார் யாரோ கை தட்டினார்கள். அத்தா முகத்தைத் திருப்பிக்கொண்டு, தேவையே இல்லாமல் ஒரு பெட்டியில் வாஷரை எண்ணினார். நான் வாய்விட்டு அழுதேன், சொல்ல என்ன வெட்கம். அந்தப் பக்கம் நீயும் அழுதாய், எனக்குக் கேட்டது. ஒரு வார்த்தை பேசாமல் வைத்துவிட்டாய்.

நீ பேசாததால் நானும் போனில் பேசப்போவதில்லை. நமக்குள் கடிதம்தான் என்று ஆகிவிட்டது, கடிதமாகவே முடிக்கிறேன். ஆனால் இதை விஜய் அண்ணனிடம் கொடுத்தனுப்பப் போவதில்லை. அவர் பஸ்ஸிலேயே நானும் வருகிறேன், இதை உன் கையில் நானே கொடுக்கிறேன். போனை அத்தாவிடம் கொடுத்துவிட்டு வருகிறேன், பயப்படாதே. பையில் இரண்டு சைக்கிள் டியூபும் புது வால்வு ஒன்றும் இருக்கின்றன.

நான் வந்த பிறகு மேலே போய்த் தண்ணீரைப் பார்ப்போம். அதற்கு முன்னால் என்னைக் கிடாவிடம் கூட்டிப்போ. அதன்மேல் ஒரு தடவை கை வைத்துப் பார்க்கவேண்டும்.

ஷாஹீதா